மூன்று டிகிரி

துறைமுகத்துக் குளிர்கிடங்கில்
பெட்டிகளுக்கு நடுவே நின்று
போனை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார் அந்தோணிப்பிச்சை.
"நீயே பாரும்மா. மூணுன்னுதான போட்டிருக்கேன்?"

மூன்றுதான்.
ஐப்பசி பிறந்த அன்று ஆறை அழித்துவிட்டு
அவர் கைப்பட மாற்றியது.
நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்ததில்
கிடங்கு ஐந்துக்கு ஏறி
விடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறது.
அலாரம் அடிக்கவில்லை.
நாற்பது கிலோ கணவாய்.
விரலால் அழுத்திய இடம் பள்ளமாகவே கிடக்கிறது.

கெடிலம் பாலத்தில் ஸ்கூட்டி ஏறும்போது
மழை பிடித்துக்கொண்டது.

மஞ்சக்குப்பத்து மாடி அறையில்
ஈரத் துப்பட்டாவோடு பதிவுகளை உருட்டுகிறேன்.
ஒன்று நாற்பது: வெப்பம் ஐந்து. வரம்பு ஆறு. சரி.
ஒன்று ஐம்பது: வெப்பம் ஐந்து. வரம்பு ஆறு. சரி.
பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
சரி, சரி என்று எழுதிவைத்திருக்கிறது
பின்னணியில் ஓடிய சேவை.

தூங்கவில்லை அது. அதுதான் எரிச்சல்.
தூங்கியிருந்தால் திட்டலாம்.
திரைக்கு ஒரு ப்ராசஸ், இதற்கு வேறொன்று;
இருவருக்கும் செட்டிங்ஸ் கோப்பு ஒன்றே.
திரை அதில் மூன்று என்று எழுதிவிட்டது.
இதுவோ எழுந்த அன்று ஒருதரம் படித்து
ஆறை மடியில் முடிந்துகொண்டு
அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.
ஆப்பை மூடினாலும் இது சாகக்கூடாதென்று
தனிக்குடித்தனம் வைத்தவள் நான்தான்.

திருத்துகிறேன்.
கோப்பை யாரும் நேரே தொடவேண்டாம்.
வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்,
ஒவ்வொரு தடவையும் அவரிடம் கேள்.
இப்போதுதானே கேட்டேன் என்று சொல்லாதே.
கேள்.

புதுப் பதிப்பை அந்தோணிப்பிச்சைக்கு அனுப்பியபோது
பால்காரர் மணி அடித்துவிட்டுப் போயிருந்தார்.

ஏழே கால். சிப்காட் பஸ்சிலிருந்து இறங்கி
சட்டையில் சாய ஆலை நெடியோடு
நேரே அடுப்படிக்குப் போகிறான் இளவழகன்.
ராத்திரி அவனுக்கு, பகல் எனக்கு;
இருவருக்கும் பொது, ஃப்ரிட்ஜ் கதவுதான்.
ஆவணியிலேயே அதில் ஒட்டினேன்:
'எனக்குச் சர்க்கரை வேண்டாம். டாக்டர் சொல்லிட்டார்.'
சிலிண்டர் ரசீதுக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

டம்ளரை என் பக்கம் நகர்த்துகிறான்.
இரண்டு ஸ்பூன்.
கல்யாணமான வாரம் ஒருதரம் கேட்டுக்கொண்டது.
நான் சூடு தாங்கமாட்டேன் என்று
ஆற்றியும் வைத்திருக்கிறான்.

சொல்ல வாயெடுப்பதற்குள்
நாற்காலியிலேயே கண் சொருகிவிட்டது அவனுக்கு.
பாதி குடித்துவிட்டேன்.

போன் அலறுகிறது.
"அடிக்குதும்மா! இப்ப நாலுதான், அதுக்கே அடிக்குது,
நிறுத்தவே மாட்டேங்குது!"
அவர் குரலுக்குப் பின்னால்
யாரோ ஐஸ் உடைக்கிறார்கள்.

சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தவன்
டம்ளரைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்,
கேட்கிறான்:
"சர்க்கரை போதுமா?"