இரண்டு மணி முள்

பகலில் தண்ணீர் சொல்வதை நான் நம்புவதில்லை.
எவர் வீட்டு மோட்டாரோ உறிஞ்சும்,
எவரோ துணி அலசுவார்கள்.
இரவு இரண்டு மணிக்கு
தேவகோட்டை குழாய்களை மூடிவிட்டுத் தூங்கும்போதும்
தொட்டியடி மீட்டரில் முள் நகர்கிறதே,
அது யாருக்கு?

மணிக்கு ஒன்பதாயிரம் லிட்டர்.
சவரியப்பன் சார் நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார்.
பிறகு அந்தக் கோட்டின் மேலேயே
இன்னொரு கோடு.

இந்த மண்ணும் ஒத்துழைக்காது. செம்புறை.
வேறு ஊரென்றால் சாலை நனையும், புல் முளைக்கும்,
ஒருத்தராவது மனுக் கொடுப்பார்.
இங்கே குடித்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொள்கிறது பூமி.

மூன்றாம் தெரு வால்வை அடைத்தோம்.
முள் ஓடியது.
நான்காம் தெரு. ஓடியது.
ஐந்தாம் தெருவின் கடைசித் திருகில்
மூச்சு வாங்குவதுபோல்
பாதியாய்த் தளர்ந்தது.
"வைரவா, இங்கதான்" என்றார்.

மறுபடி திறந்துவிட்டு
கம்பியின் ஒரு நுனியைச் சாலையில் ஊன்றி
மறுநுனியைக் காதெலும்பில் வைத்தேன்.
முன்வாசல் இந்தத் தெருவிலும்
பின்வாசல் அடுத்த தெருவிலும் பூட்டிக் கிடக்கும் வீடு.
அதன் நீளம் முழுக்க
பத்தடிக்கு ஒருமுறை குனிந்து கேட்டேன்.
ஒரு நாய் என்னைக் கேட்டது.
மூன்றாவது சன்னலுக்கு நேரே
பக்கத்து வீட்டில் தோசை வார்க்கிற சத்தம்,
பக்கத்தில் வீடே இல்லை.

விடியும் முன் தோண்டினோம்.
தோளளவு ஆழத்தில் கல்நார்க் குழாய்,
இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றிய கட்டு.
தடவிப் பார்த்த விரலுக்கு
முடிச்சு தெரிந்திருந்தது.
இடப்பக்கமாக இழுத்து, இரண்டு சுற்று, உள்ளே செருகி.
ஊரில் அப்படிக் கட்டுகிற இடதுகைக்காரன்
நான் ஒருத்தன்தான்.

சித்திரைத் திருவிழா நேரம், அவசரம்,
நாளைக்கு காலர் போட்டுக்கலாம் என்று
மண்ணைத் தள்ளியது நினைவிருக்கிறது.
அந்த நாளைக்கு வயது பதின்மூன்று.
மணிக்கு நாலாயிரம் என்று வைத்தாலும்,
ஒரு நாளைக்கு, ஒரு வருடத்துக்கு...
பெருக்கலைப் பாதியில் விட்டேன்.

"யாருய்யா கட்டினது இதை?"
மேலே நின்று டார்ச் அடித்தபடி சார் கேட்டார்.
"பழைய ஆள் சார்" என்றேன்.

காலர் மாட்டி நட்டு முறுக்கினேன்.
எட்டு மணிக்கு
தெருக்கோடி ஜமீலா பீவி வந்து சொன்னார்:
குழாய்க்குக் கீழே குழி வெட்டி
அதில் இறங்கித்தான் குடம் வைப்பாராம்.
இன்றைக்கு இறங்கவில்லை.
குழியை மூடிவிடலாமா என்று கேட்டார்.
ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.

பொறுத்தது நல்லது.
ஒன்பதரைக்கு போன்:
இரண்டாம் தெருவில் சாலை பிளந்து பீறிடுகிறதாம்.
இங்கே மிச்சமான அழுத்தம்
அடுத்த இளைத்த இடத்தைத் தேடிப் போயிருக்கிறது.

கம்பியைச் சைக்கிளில் கட்டினேன்.
சட்டைப் பையில் அந்த டியூப் துண்டு
நெஞ்சுப் பக்கம் நனைத்துக்கொண்டிருந்தது.
இரண்டாம் தெருவில் முன்பு
யார் வேலை பார்த்தது என்று
யோசித்துக்கொண்டே மிதித்தேன்.