நாலடி

சேரன்மாதேவியில் ஞானதுரை அண்ணாச்சி பட்டறை முன்னால்
அடுப்புகள் வாய் பிளந்து நின்றன.
தார் டிரம்மை அறுத்துப் பற்றவைத்தது ஒன்று,
முக்காலி வார்ப்பிரும்பு இரண்டு, பெரிதும் சிறிதும்,
புகைக்குழாய் வைத்தது ஒன்று,
அதன் தலையில் தகரத் தொப்பி.

சிலிண்டர் விலை ஏறியதிலிருந்து
என் முறுக்குக் கணக்கு நேராகவே இல்லை.
உடைமர விறகு மலிவு.
அதற்காகத்தான் வந்தேன்.

"பெருசையே எடும்மா, ஒரு ஈட்டுக்கு நூறு முறுக்கு வேகும்."

"சுவத்துக்கும் இதுக்கும் எவ்வளவு விடணும் அண்ணாச்சி?"

சுத்தியலைக் கீழே வைத்தார்.
இதை யாரும் கேட்பதில்லை போல.

"மூணடி. ஓலையோ சாக்கோ பலகையோ
எதுன்னாலும் மூணடிக்கு அங்கிட்டு.
தகரம் அடிச்சு, பின்னால காத்துப் போக ரெண்டு வெரல்கட விட்டா
கொறைக்கலாம்னு சொல்லுவாங்க.
நான் சொல்ல மாட்டேன்."

பத்தமடை வரும்வரை பஸ்ஸில்
மடியில் சாண் போட்டபடி வந்தேன்.

என் அடுப்படி எட்டடி.
மேற்கே கம்பி அழி. எரியாது.
ஆனால் ஆடிமாதக் காற்று அதன் வழியாகத்தான் வரும்,
மலையை விட்டு இறங்கிய வேகத்தில்,
தீயின் தலையைப் பிடித்துக் கிழக்கே சாய்க்கும்.

கிழக்கே ஒற்றைச் செங்கல் சுவர்,
இடுப்புக்கு மேல் வெறும் தட்டி.
அந்தப் பக்கம் சுல்தான் பீவியின் கோரை,
கட்டுக்கட்டாய், சலசலக்கக் காய்ந்தது.
ஒரு பொறி போதும்.

மூணடி அண்ணாச்சி கணக்கு.
காற்றுக்கு இன்னும் ஓரடி நான் போட்டேன்.

சாக்கட்டியால் தரையில் வட்டம் வரைந்தேன்.
சுவருக்கு நாலு,
பெரிய அடுப்புக்கு மூணு,
மிச்சம் ஒண்ணு.
அந்த ஓரடிக்குள் விறகு, எண்ணெய் டின்,
சாரணி, பிழிந்து வைத்த தட்டுகள்,
அப்புறம் நான்.

வட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே நின்று பார்த்தேன்.
அழி முதுகில் குத்தியது.
சுவருக்கு எவ்வளவு என்று கேட்டவள்
எனக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை.

போன் போட்டேன்.
"சின்னதக் குடுத்து விடுங்க."
"அதுல ஈட்டுக்கு நாப்பதுதாம்மா வேகும்."
"வேகட்டும்."

முக்கூடல் கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் கேட்டிருந்தார்கள்.
ரெண்டு நாள் கூட வேணும் என்றேன்.
வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.
வருத்தம்தான். அன்று ராத்திரி
வட்டத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்,
எட்டடி எட்டடியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை பற்றவைத்தேன்.
அரைமணி நேரம் நன்றாக எரியவிட்டு
தெருவைச் சுற்றிக்கொண்டு
சுல்தான் பீவி வீட்டுக்குள் போய்
கோரைக் கட்டுகளுக்குப் பின்னால் கையை நுழைத்து
சுவரைத் தடவினேன்.

"என்னத்தத் தேடுத?"
"சூட்ட."

அவளும் உள்ளங்கையை வைத்தாள்.
நம்பாமல் கன்னத்தையும் வைத்தாள்.
"ஒண்ணும் இல்லயே."
"இல்லன்னுதான் பாக்க வந்தேன்."

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு என்ன நினைத்தாளோ
ஒரு கட்டைத் தூக்கி எதிர்ச்சுவரில் சாய்த்தாள்.
அடுத்ததை நானும் ஒரு முனை பிடித்தேன்.
கோரைத்தூசி இருவர் மூக்கிலும்.
ஏழாவது கட்டில் கை வைத்தபோதுதான்
அவள் கேட்டாள்:
"அடுப்புல என்ன வச்சிருக்க?"

எண்ணெய்!

கட்டை அப்படியே போட்டுவிட்டு
தெருவைச் சுற்றி ஓடினேன்.