ஏழாம் வளைவில் குவாத்தமாலா

ஜீப்பில் பதினாலு பேர்.
பின்படியில் தொங்கும் ஒச்சம்மாளோடு பதினைந்து.
முந்தல் செக்போஸ்ட் தாண்டும்வரை
யாரும் வாய் திறக்கவில்லை, தூக்கம்.
மூன்றாம் வளைவில் டிரைவர் செல்வேந்திரன் ஆரம்பித்தான்:
கமிஷன்கடை திருவேங்கடம்
குவாத்தமாலா போய்த் திரும்பிவிட்டாராம்.

அது எந்தப் பக்கம் என்றாள் பேச்சி.
ஸ்டியரிங்கை விட்ட கையால் அவன்
பூமிக்கு அடியில் காட்டினான்.
நம்ம காய் விலையை இறக்குகிற ஊர்,
அவ்வளவு தெரிந்தால் போதும் என்றான்.

போக வேண்டிய ஊரே இல்லையென்று
கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம் திருவேங்கடம்.
மூன்று விமானம் மாறி, கால் வீங்கி,
சோளமாவு அடையைப் பதினொரு நாள் தின்று
கடைசியில் பார்த்தது ஏலச்செடி.
'அதுக்கு நான் மெட்டுக்குப் போனா பத்தாதா?'

கூடப் போன மகள் வேறு மாதிரி சொல்கிறாளாம்.
ஓர் இரவு மலை வாயைத் திறந்து
சிவப்பாய்த் துப்பியது.
அடிவாரத்தில் ஒருவன் நிமிர்ந்தும் பாராமல்
செருப்பு தைத்துக்கொண்டிருந்தான்.
இன்னொரு தரம் போனால்
அந்த ஆளைப் பார்க்கத்தான் போவேனென்று
அப்பாவோடு சண்டை.

எங்கள் எஸ்டேட் முதலாளி குரியச்சன்
கொச்சிக்கு அப்பால் போனதில்லை.
ஆனாலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.
அவிடெ காணான் ஒந்நுமில்லா என்பார்,
காய் விலை விழுகிற அன்றைக்கெல்லாம்.

ஏழாம் வளைவில் வண்டி சூடேறி நின்றது.
செல்வேந்திரன் போனில் படம் காட்டினான்,
கடைப் பையன் அனுப்பியது.
தூரில் குந்தியிருக்கிற ஒருத்தி.
பூப்போட்ட பாவாடை.
கூடையின் வாரை நெற்றியில் மாட்டியிருக்கிறாள்.
நெற்றியிலா!
கழுத்து என்னத்துக்கு ஆகும் என்றாள் ஒச்சம்மாள்.
வீருச்சின்னு படத்தைப் பெரிதாக்கி
விரல்களைத் தேடிப் பிடித்தாள்.
கறுப்புதான். நம்ம கறை.

இவளைப் போய்ப் பார்க்கலாம், என்றாள்,
ஊர் எப்படியும் இருந்துட்டுப் போகுது.
பார்த்து?
பாஷை தெரியாம ரெண்டு பேரும் குந்திக் காய் எடுக்கவா?
காய் எடுக்க என்னத்துக்குப் பாஷை?
சாயங்காலம் எடை போடும்போது வேணுமே, என்றாள் பேச்சி.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம்.

மெட்டில், கேரளாவின் முதல் டீக்கடையில்
விருதுநகர் நம்பர் போட்ட கார்.
குரங்குத் தொப்பி மாட்டிய குழந்தை
வாந்தி எடுத்து முடித்திருந்தது.
தகப்பன் எங்களிடம் வந்தான்.
அக்கா, மேலே போனா பார்க்க எதாச்சும் இருக்கா,
இல்ல இப்படியே திரும்பிடலாமா?

பத்தொன்பது வருசமாய் ஏறி இறங்குகிற கூட்டம் நாங்கள்.
இருக்கு என்றேன் நான்.
இல்லை என்றாள் பேச்சி, அதே மூச்சில்.
அட்டை இருக்கும் என்றாள் ஒச்சம்மாள்.
வீருச்சின்னு மட்டும்
குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே,
எங்களுக்குத் தூரு மட்டும்தான் தெரியும் சார்,
தலை நிமிர்ந்தா கங்காணி ஏசுவான் என்றாள்.

காருக்குள்ளிருந்து அவன் மனைவி சிரித்தாள்.
எதற்குச் சிரித்தாளென்று
பூப்பாறை வரைக்கும் தீரவில்லை எங்களுக்கு.
நல்லவிதமாய்த்தான் என்றது பாதி ஜீப்.
கார் மேலே வந்ததா, இறங்கியதா, தெரியாது,
பின்னால் ஒரே பனி.

அன்று ஒரு சரத்துக்கும் அடுத்த சரத்துக்கும் நடுவே
நாலு தடவை தலை நிமிர்ந்து பார்த்தேன்.
மூன்று தடவை கங்காணி.
நாலாவது தடவை எதிரே ஒரு மலை,
வாயை மூடிக்கொண்டு.