காரணம்: ஓர் அக்ரூட்

ரியோனி ஆற்றங்கரைக் குத்தாயிசியில், ஓபரா அரங்கில்,
இரண்டாம் காட்சிக்கும் மூன்றாம் காட்சிக்கும் நடுவே
மூன்று நிமிடம் நாற்பது நொடி.
திரைக்கு அந்தப் பக்கம் அது இசை.
இந்தப் பக்கம்,
தேவாலயத்தைத் தள்ளிவிட்டுச்
சந்தையைக் கொண்டுவர ஆகும் நேரம்.

ஸாவூருக்கு அது மனப்பாடம்:
புல்லாங்குழல் எடுத்தால் கொக்கியைக் கழற்று.
வயலின்கள் ஏறினால் தோளைக் கொடு.
செல்லோ தாழ்ந்து இழுக்கும்போது
மணிக்கூண்டு தூணில் இடிக்கும், பார்த்துத் திருப்பு.
எக்காளம் முழங்குவதற்குள்
கடைசி முட்டைக்கோசும் வண்டியில் இருக்கணும்.
பன்னிரண்டு வருடம்.

முன்வரிசையில் இருமுகிறார்கள்,
மிட்டாய்த் தாள் பிரிக்கிறார்கள்.
கதாநாயகி பக்கவாட்டு இருட்டில்
ஒரு செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிசைகிறாள்;
அவள் சாக இன்னும் ஒரு காட்சி இருக்கிறது.

இடை என்றாலே
உண்டோ இல்லையோ என்று ஐயுறுவது
நம் புலவர்கள் வழக்கம்.
உடம்பு வளைவது என்னவோ அங்கேதான்.

அன்றைக்குத் தேவாலயம் நகரவில்லை.
பாதி வழியில், இடப்பக்கச் சக்கரம்.
நான்கு பேர் முதுகு கொடுத்தும் ம்ஹூம்.
ஸாவூர் மல்லாந்து அடியில் நுழைந்தான்,
வாயில் டார்ச்சோடு.
சிவப்பு விளக்கு பச்சையாகாததைக் கண்டு
வாத்தியக் குழுவை நடத்துகிறவர்
கடைசிச் சுரத்தில் கோலை இறக்காமல்
முதல் பக்கத்துக்குப் புரட்டினார்.
மாடி இருக்கையில் ஒருவர்
எழுதியதே அப்படித்தான் என்று நம்பித் தலையாட்டினார்.
எத்தேரி மறுபடி மூச்செடுத்தாள்.

கழற்றக் கொக்கி இல்லை.
ஒட்டுப்பலகைத் தேவாலயத்தின் அடிவயிற்றில்
தூசியும் கிரீஸுமாய்க் கிடந்தவன் மேல்
குழல் வந்து
ஒரு கேள்வியில் பாதியை வைத்துவிட்டுப் போனது.
வயலின்கள் ஒரே படியில் நின்று நின்று திரும்பின.
இதையா ஏற்றம் என்று தோள் கொடுத்தான்?
செல்லோ யாரையோ
போகாதே என்று பிடித்து இருத்தியது.

சக்கரத்தடியில் ஓர் அக்ரூட்.
கோரஸ்காரர் எவரோ பையிலிருந்து நழுவவிட்டது.
நெம்பி எடுத்துவிட்டான்.
எடுத்த பிறகும், சரியாகச் சொன்னால்
எட்டுத் தாளக்கட்டு நேரம்,
விசில் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்து நடைக்கூடத்தில்
குழலைக் கவிழ்த்து நீர் உதறிக்கொண்டிருந்தாள் எத்தேரி.
"உன்னால ரெண்டு தரம். உதடே மரத்துப்போச்சு."
"அதுக்குப் பேர் என்ன?"
"பன்னிரண்டு வருஷமா கேக்குறே!"
"எங்கே கேட்டேன். தள்ளிக்கிட்டிருந்தேன்."

மேடைக் குறிப்பேட்டில் எழுதினார்கள்:
தாமதம் மூன்று நிமிடம். காரணம்: ஓர் அக்ரூட்.
உடைத்துப் பார்த்தான்.
பாதி சொத்தை.
மீதியை அவளிடம் நீட்டினான்.