ஏழாம் உத்தேசம்

பிஷ்கேக். ஜனவரி.
ஜன்னலுக்குத் தெற்கே ஒரு மலைத்தொடர் இருக்க வேண்டும்.
எட்டு நாளாகக் காணோம்.

நான்காம் மாடியில் சாய்கல்
வெந்நீர்க் குழாயோரம் காலை நீட்டி
ஊரின் மூச்சுக்கு விலை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றாம் உத்தேசம்: புறநகர் முழுக்க எரிவாயு.
வானம் தெளியும், கஜானா தாங்காது.
இரண்டு: அனல் நிலையத்துக்குப் புது வடிகட்டி.
மூன்றில், வீட்டுச் சுவர்களுக்குப் பஞ்சுப் போர்வை;
அவளுக்குப் பிடித்தது அதுதான்,
பிடித்தது என்பதற்கு இந்தத் தாளில் கட்டமில்லை.
ஒரு டன் புகை குறைய எத்தனை சொம்?
அவ்வளவுதான் கேள்வி.

கணினி இரவெல்லாம் கூட்டிக் கழித்து
விடியும்போது ஏழைத் தேர்ந்தெடுத்திருந்தது.
டயர், பிளாஸ்டிக், துணிக் கழிவு,
எதை அடுப்பில் இட்டாலும் அபராதம்.
செலவு: பூஜ்யம்.

"அருமை" என்றார் துறைத் தலைவர்,
இரண்டு இருமலுக்கு நடுவே.

வீட்டுக்குப் போகும் மினிபஸ்ஸில்
பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு மூட்டை.
முடிச்சு நெகிழ்ந்த வாயில்
ஊதா, பச்சை, பளபளக்கும் மஞ்சள்,
யாருடைய கோடைக்கோ வெட்டிய சட்டைகளின்
கழுத்து வளைவுகள், அக்குள் பிறைகள்.
தையல் கூடத்தில் சும்மா கொடுப்பார்களாம்.
"ஒரு மூட்டை ரெண்டு ராத்திரிக்கு வரும்.
நாற்றம்தான். பையன் தலைமாட்டில்
ஈரத்துணி தொங்கவிடுவேன்"
என்றாள் புருல்சா, யாரும் கேட்காமலே.
பிறகு,
"கரி என்ன விலை விற்கிறது, தெரியுமா?"

தெரியும். சாய்கலுக்கு நன்றாகவே தெரியும்,
டன்னுக்கு, கலோரிக்கு, வாசல்வரை வண்டிக்கூலி சேர்த்து.
மூட்டைக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் பூஜ்யத்தை அழித்தாள்.
அந்த இடத்தில்
ஒரு வீடு ஒரு குளிர்காலத்துக்கு
வாங்க வேண்டியிருக்கும் கரியைப் போட்டாள்.
மூட்டை சுமக்கும் வீடுகளால் பெருக்கினாள்.
அந்த எண்ணிக்கை எந்தக் கோப்பிலும் இல்லை;
மினிபஸ் ஜன்னலில் எண்ணிய புகைபோக்கிகளிலிருந்து
ஓர் ஊகம்.

ஏழு பட்டியலின் அடிக்குப் போனது.
மூன்று, மூச்சு வாங்க, மேலே வந்தது.

துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
"நேற்று மலிவாக இருந்ததே?"
"நேற்றும் இதே விலைதான் ஐயா.
வேறு யாரோ கொடுப்பதாக இருந்தது."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.
மலை இன்னும் வரவில்லை.
கூட்டத்தை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.