அறுபத்து மூன்றாவது வட்டம்

செவ்வாய்க்கிழமை ‘இல்லை’ என்று எழுதியது நான்தான்.
நீல மசி. கையெழுத்துகூட அழகாக இருக்கிறது.

முக்கூடல் ஆஸ்பத்திரியில்
ஊசியறைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப்.
எனக்கு முன்னால் அதில் குனிந்தவர் சிலுவைதாசன்.
அவர் இடது கண்ணுக்கு வைத்த வளையத்தை
என் கண்ணுக்குத் திருப்பாமலே
அன்றைக்கு இருபது ஸ்லைடு பார்த்தேன்.
மங்கல் என்றே தோன்றவில்லை.
சளி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இன்று வெள்ளி.
பிரம்மசக்தி மறுபடி வந்து
வராந்தாவில் சொளகை மடியில் வைத்துச் சுற்றுகிறாள்.
ஆயிரத்துக்கு இன்னும் இருநூறு குறைகிறதாம்.
“எக்கா, அதான் இல்லைன்னுட்டியளே,
பொறவு என்னத்துக்கு இந்த இருமல்?”

பெட்டியிலிருந்து செவ்வாய்க்கிழமையை எடுத்தேன்.

எண்ணெய் ஒரு சொட்டு.
லென்ஸ் அதைத் தொடும்வரை
பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடி இறக்கவேண்டும்.
உள்ளே பார்த்துக்கொண்டே இறக்கினால் கண்ணாடி உடையும்;
பயிற்சியில் இரண்டு உடைத்திருக்கிறேன்.
வலது கண்ணுக்குத் திருகு.
வலதை மூடி, இடதுக்கு வளையம்.

ஒரு கரும்புள்ளி.
கண்வில்லையைச் சுழற்றினேன், சுற்றவில்லை.
ஸ்லைடை நகர்த்தினேன், நகரவில்லை.
இமைத்தேன். நழுவிப் போயிற்று.
எனக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வட்டம் ஒன்று. நீலம்.
வட்டம் இரண்டு. சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி.
முப்பத்தொன்பதில் கரண்ட் போய் வந்தது.
அறுபத்து மூன்றில்
இளஞ்சிவப்பாய் ஒரு கசங்கல்.
சாயக்கறை என்று அன்று தாண்டியிருப்பேன்.
நுண்திருகை ஒரு மயிரிழை,
மயிரிழைகூட அதிகம்,
விரல் நினைத்தாலே போதும் என்கிற அளவு

திருப்பியதும்
மூன்று.
லேசாக வளைந்து,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
முடிச்சுக்குப் பின் கத்தரித்து உதறிய
பீடிநூல் துணுக்கு மாதிரி, சிவப்பாக.

வெளியே இருமல்.
கத்தரிக்கோல் நிற்கிறது. மறுபடி நடக்கிறது.

நூறு வரை பார்க்கவேண்டும். பார்த்தேன்.
எண்பத்தெட்டில் இன்னும் ஒன்று.

பழைய எழுத்தை அழிக்கக் கூடாது.
குறுக்கே ஒற்றைக்கோடு,
மேலே சிவப்பு மசி, தேதி, கையொப்பம்.
கோடு கோணலாகப் போயிற்று.

சிலுவைதாசன் இரண்டு மணிக்கு வருவார்.
வளையத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தேன்,
அவரவர் கண்ணை அவரவர் தேடிக்கொள்ளட்டும்.
எண்ணெயைத் துடைத்தேன். இன்னொரு தரம் துடைத்தேன்.
துடைக்க வேறொன்றும் இல்லாதபோது
வராந்தாவுக்குப் போனேன்.

“பிரம்மு,
அந்தச் சொளவக் கொஞ்சம் கீழ வையி.”