இறங்குகிறவர்களுக்கு வழி

அபானோ கணவாய்க்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர்.
மதியத்திலிருந்தே பதினோரு கிலோமீட்டர்தான்.
முன்னே ஆகச் சிறிய பல்சக்கரம்
பின்னே ஆகப் பெரியது
இனி மாற்றுவதற்கு மிச்சம்
நான் மட்டும்தான்.

அக்டோபர்.
பிர்ச் இலைகள் சேற்றில் ஒட்டி
சக்கரத்தோடு ஒரு சுற்று சுற்றி
மறுபடி சேற்றுக்கே போகின்றன.
வளைவுக்கு வளைவு ஒரு கல்,
கல்லில் ஒரு முகம்,
முகத்தின் கீழே கவிழ்த்து வைத்த
சின்னக் கண்ணாடிக் குவளை.
சாலையிலிருந்து விழுந்த லாரி ஓட்டிகள்.
காலையில் ஒரு ஜீப்காரன் நிறுத்தி
கல்லுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய்,
எனக்கும் ஒரு வாய் சாச்சா ஊற்றினான்.
நான் மிதிக்க வேண்டும் என்றேன்.
இவனும் ஓட்ட வேண்டியிருந்தது என்றான்.

பிறகு அந்தச் சத்தம்.
மழையென்று நினைத்து மேலங்கியை எடுத்தேன்.
மழை வளைவைத் திரும்பி வந்தது
நாலாயிரம் குளம்புகளுடன்,
கொம்பில் நீலச் சாயத்துடன்,
ஈரக் கம்பளி நாற்றத்துடன்.
முன்னால் நாய்கள், காது நறுக்கியவை.
இறங்கு,
சைக்கிளை இடையில் நிறுத்து,
கண்ணைப் பார்க்காதே.
எல்லாம் செய்தேன்.
பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு
ஒரு மலையே இறங்கிப் போக
வழி விட்டேன்.

கடைசியில் இமெதா வந்தான்.
என் வயதுதான் இருக்கும்.
எனக்கு ரஷ்ய மொழியில் இருபது சொல்
அவனுக்கு இரண்டு வருட ராணுவம்.
மேலே யாரும் இல்லையே என்றான்.
தெரியும் என்றேன்.
கணவாய்க்கு நேற்றிலிருந்து பனி என்றான்,
பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்பதுபோல.
பிறகு குனிந்து
டயரைக் கட்டைவிரலால் அமுக்கினான்
ஆட்டின் முதுகில் கொழுப்புப் பார்க்கிற மாதிரி.
தேறியது போலிருக்கிறது.
கோலை என் கையில் கொடுத்தான்.

நான் சரியென்று சொன்னதாக ஞாபகமில்லை.

கூடாரம், பாஸ்போர்ட், நாளைய ரொட்டி
எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்தான்.
முழங்கால்களை அகல விரித்து
ஹோ என்று கத்திக்கொண்டு
ஆடுகளுக்கு நடுவில் கோடு கிழித்து
முதல் வளைவில் காணாமல் போனான்.

ஒரு வளைவு என்றால் நாற்பது மீட்டர் உயரம்.
நாற்பது மீட்டர் என்றால்
என் நுரையீரலில் இருபது நிமிடம்.
கணக்குப் போட்டபடி இறங்கினேன்.
கோல் யார் கையில் என்று
ஆடுகள் பார்ப்பதில்லை.
ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது,
யோசித்தது,
என் பின்னால் வந்துவிட்டது.
நொண்டுகிற ஒரு பெட்டைக்காக
மந்தை மெதுவாயிற்று. நானும்.
இரண்டாம் வளைவில் அவன் இல்லை.
மூன்றாவதில்
கத்தலும் கேட்கவில்லை.
பள்ளத்தின் விளிம்புக்குப் போய்
எட்டிப் பார்த்தேன்.
ஆறு, வெகு கீழே, நூல் மாதிரி.
வேறொன்றுமில்லை.

நான்காம் வளைவில் உட்கார்ந்திருந்தான்.
நான் ஒருநாளும் சாய்த்திராத பக்குவத்தில்
சைக்கிள் கல்லில் சாய்ந்திருந்தது.
கல்லில் ஒரு முகம். மீசை. மூக்கு அதே மூக்கு.
இவனுக்கும் வேகம்தான் பிடிக்கும் என்றான்.
சிரித்தானா என்று சொல்ல முடியவில்லை,
மூச்சிரைத்துக் கொண்டிருந்தான்.
நகத்தால் குவளையை ஒரு தரம் சுண்டினான்
சைக்கிள் மணி அடிப்பதுபோல.
பிறகு தோல்பையிலிருந்து பாலாடைக்கட்டி வெட்டி
கத்தியோடு நீட்டினான்.
உப்பு. அதற்குப் பின்னால் ஆடு.
அவன் போக வேண்டிய சமவெளிக்குப் பத்து நாள்.
கோலை வாங்கிக்கொண்டான்.
நாய் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

ஏறியதையே மறுபடி ஏறினேன்.
சாலை முழுக்கப் புழுக்கை,
கணுக்கால் வரை தெறித்தது.
ஐந்து மணிக்குப் பனி,
ஐந்தரைக்குக் கணவாய்:
ஒரு பலகை, ஒரு சிலுவை,
மற்ற எல்லாம் மேகம்.
நடுங்கும் விரலால் பிரேக்கைத் தடவினேன்.
கம்பியில் ஒரு சுருள் கம்பளி.
கட்டைகளில் ஒரு வாரத் தேய்மானத்தை
நாலே வளைவில் தேய்த்திருந்தான்.

இறங்குவதற்கு
மலையின் மறுபக்கம் முழுவதும் இருக்கிறது.